விந்துக் கலங்களைத் தரும் ஸ்டெம் கலத்தில் மரபணுவை மாற்றி ஆய்வுகூட எலிகளை உருவாக்குவது எப்படி? முளையத்தையே, அதாவது தொடக்கநிலைக் கருவையே, மாற்ற முடியும் என்றால் இந்த வழி எதற்கு?

களுவாஞ்சிக்குடியில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். விந்தாக்கம் பாடத்தில் இதே இரண்டு கேள்விகளும் வகுப்பில் எழும்பும். மூன்றாவதாக, "பாவம் சேர் அந்த எலிகள்" என்று ஒரு பிள்ளையாவது சொல்லும். மூன்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஒன்றை முதலில் தெளிவாக்கிவிடுவோம். மாற்றிய கலத்தை எந்த எலிக்குள் வைக்கிறோமோ அந்த எலி மாறுவதில்லை, அதன் குட்டிகள்தான் மாறும்.

ஆண் விலங்கின் விதைக்குள் சுருண்டு கிடக்கும் நுண்குழாய்களின் உட்சுவர் ஓரமாக இந்த ஸ்டெம் கலங்கள் இருக்கின்றன. சில ஆயிரம் கலங்களுக்கு ஒன்று என்ற அளவில்தான் கிடைக்கும். அவை பிரியும்போது ஒரு பங்கு ஸ்டெம் கலமாகவே தங்கும், மற்றது படிப்படியாக விந்தாகும். சுண்டெலியில் (mouse) இதற்கு ஏறத்தாழ 35 நாள், எலியில் (rat) 50 நாளுக்குச் சற்று மேல். ஆகவே ஒரு ஸ்டெம் கலத்தில் ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளையும் மாற்றிவிட்டால், அதிலிருந்து வரும் விந்துகள் எல்லாம் அந்த மாற்றத்தோடுதான் வரும்.

1994ஆம் ஆண்டு பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் ரால்ப் பிரின்ஸ்டரும் அவரோடு இருந்தவர்களும் செய்த சோதனைதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். நீல நிறமாகச் சாயமேறும்படி அடையாள மரபணு வைத்த ஒரு சுண்டெலியின் விதையிலிருந்து கலங்களை எடுத்து, சொந்த விந்து இல்லாத இன்னொரு சுண்டெலியின் விதைக்குள் செலுத்தினார்கள். உள்ளே போன ஸ்டெம் கலங்கள் தாமாகவே குழாயின் சுவரைத் தேடிப்போய் ஒட்டிக்கொண்டு விந்து உண்டாக்கத் தொடங்கின. ஒரு சுண்டெலிக்குப் பிறந்த குட்டிகளில் 80 சதவீதம் வரை கலம் கொடுத்த சுண்டெலியின் வழி வந்தவை. இத்தனை வருடம் படிப்பித்தும், அந்தக் கலங்கள் தங்கள் இடத்தைத் தாங்களே கண்டுபிடிப்பது எனக்கு இன்னும் வியப்பாகத்தான் இருக்கிறது.

ஆனால் மரபணுவை ஆறுதலாக மாற்ற வேண்டுமென்றால் கலத்தை வெளியே தட்டில் வைத்து வளர்க்க வேண்டுமே. அது 2003இல் ஜப்பானில் ஷினோஹரா குழுவினரால் கைகூடியது. ஜிடிஎன்எஃப் என்ற புரதம் முதலான வளர்ச்சிக் காரணிகளைக் கொடுத்து, சுண்டெலியின் கலங்களை மாதக்கணக்கில் பெருக்கினார்கள்.

சரி, முளையத்தையே மாற்றினால் என்ன? மாற்றலாம், பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் மரபணுவை வெட்டித் திருத்தும் கிறிஸ்பர் என்ற கருவியை முளையத்துக்குள் செலுத்தும்போது அது பிரியத் தொடங்கிய பிறகும் வெட்டு நடக்கலாம். அப்போது பிறக்கும் குட்டியின் சில கலங்களில் மாற்றம் இருக்கும், சிலவற்றில் இருக்காது, சிலவற்றில் வேறு மாதிரி இருக்கும். பிறந்த பிறகுதான் அது தெரியவரும், பயன்படாதவற்றைக் கழித்துவிடுவார்கள். ஸ்டெம் கலம் என்றால் தட்டிலேயே ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியாகப் பெருக்கி, மரபணுவை வாசித்து, சரியானதை மட்டும் எடுக்கலாம். விதைநெல்லைப் பதம் பார்த்து வயலுக்குக் கொண்டுபோவது போல. 2015இல் சீன ஆய்வாளர்கள் கண்புரை உண்டாக்கும் மரபணுக் குறையைச் சுண்டெலியின் ஸ்டெம் கலத்தில் திருத்தி, இப்படித் தெரிந்தெடுத்த கலங்களைப் பயன்படுத்தியபோது, பிறந்த குட்டிகள் அனைத்தும் அந்தக் குறை இல்லாமல் இருந்தன.

எலிக்கு இந்த வழி இன்னும் முக்கியம். முளையத்திலிருந்து எடுத்துத் தட்டில் வளர்த்து மரபணு மாற்றக்கூடிய முளைய ஸ்டெம் கலங்கள் சுண்டெலிக்கு 1981இலேயே கிடைத்துவிட்டன. எலிக்கு 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முன்பே, 2002இல், டெக்சாஸில் விதையின் ஸ்டெம் கலங்கள் வழியாக மரபணு மாற்றிய எலிகளை உருவாக்கியிருந்தார்கள். என் அம்மா தினமும் போடுகிற பிரஷர் குளிசை மாதிரியான மருந்துகளுக்கு எலியில் செய்த ஆய்வுகள் எவ்வளவு உதவின என்று நினைத்துப் பார்ப்பேன். எலி சுண்டெலியை விடப் பெரியது, இரத்த அழுத்தம் அளப்பதும் சத்திரசிகிச்சை செய்வதும் சுலபம்.

இப்போது அந்தப் பிள்ளையின் கேள்வி. பாவம்தான், மறைக்க முடியாது. கலத்தை வாங்கும் விலங்கின் சொந்த விந்துக் கலங்களை அழிக்க பியூசல்பான் என்ற புற்றுநோய் மருந்தைக் கொடுப்பது வழக்கம், அது எலும்பு மச்சையையும் தாக்கும். அதைத் தவிர்க்க, பிறப்பிலேயே விந்துக் கலம் இல்லாத ஆண்களை இப்போது உருவாக்குகிறார்கள். 2020இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜோன் ஓட்லி குழுவினர் நானோஸ்2 என்ற மரபணு இல்லாத சுண்டெலி, பன்றி, ஆடுகளில், வேறு விலங்கின் ஸ்டெம் கலங்களிலிருந்து விந்து உண்டாவதைக் காட்டினார்கள். எங்கள் பக்கத்துப் படுவான்கரையில் மாட்டுப்பட்டி வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் நிமிர்ந்து உட்காருவார்கள். நல்ல இனக் காளையின் விந்தை ஊர்க்காளையே கொடுக்குமா என்று கேட்பார்கள். ஆய்வின் நோக்கம் அதுதான்.

ஒன்றை மறக்க வேண்டாம். விந்து வழியாக வருவதால் முதல் தலைமுறைக் குட்டியில் மாற்றிய மரபணுவின் ஒரு பிரதிதான் இருக்கும், மற்றது தாயிடமிருந்து வந்த சாதாரணப் பிரதி. இரண்டும் மாறிய எலி வேண்டுமென்றால் அப்படிப்பட்ட ஆணையும் பெண்ணையும் சேர்த்து இன்னொரு தலைமுறை வளர்க்க வேண்டும், அதிலும் சராசரியாக நாலில் ஒன்றுதான் கிடைக்கும். மெண்டலின் விதிப்படி ஒரு கட்டம் போட்டுப் பாருங்கள், சரியாக வரும்.