சார்ஜர் மாட்டுனா மைனஸ் கரண்ட், கழட்டுனா ப்ளஸ் கரண்ட் காட்டுது, ஃப்யூல் கேஜ் சிப் போயிடுச்சா?

பேட்டரி கரண்டையும் சார்ஜ் பர்சன்டேஜையும் கணக்கு பண்ற இந்த சிப் போயிருக்க வாய்ப்பு ரொம்ப கம்மி ப்ரோ, கழட்டி வேற போட அவசரப்படாதீங்க. அதே மாதிரி கோட்ல மைனஸ் ஒண்ணால பெருக்கி விட்டுட்டு வேலை முடிஞ்சதுன்னும் இருந்துடாதீங்க, நிறைய பேர் பண்றது இதைத்தான். ஸ்க்ரீன்ல நம்பர் சரியாயிடும், ஆனா பர்சன்டேஜ் கணக்கு நடக்கறது சிப்புக்குள்ள, அங்க இன்னும் தலைகீழாதான் எண்ணிட்டு இருக்கும்.

சார்ஜர் மாட்டியும் மைனஸ் வர்றதை மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது, லோடு (கரண்ட் எடுக்கற சர்க்யூட்) அதிகமா இழுத்தா பேட்டரியும் கூட சேர்ந்து கொடுக்கும், அப்ப மைனஸ் சரிதான். அதனால சார்ஜரை சுத்தமா கழட்டிட்டு ஒரு 200 மில்லி ஆம்பியர் லோடு போட்டு பாருங்க, அப்பவும் ப்ளஸ்னா தலைகீழ்தான், ஏன்னா பெரும்பாலான சிப்ல வெளிய போறது மைனஸ் (ஆண்ட்ராய்டும் அப்படித்தான் சொல்லுது, ஃபோன் தயாரிக்கறவங்க எல்லாரும் அதை கேக்கறதில்ல). ஸ்லீப் மோடுல மட்டும் மாறி காட்டுனா அது ஆஃப்செட், அதாவது கரண்ட் இல்லாதப்பவும் அளவுல இருக்கற சின்ன பிசகு, கரண்டை அளக்கற சென்ஸ் ரெசிஸ்டர் 10 மில்லி ஓம்னா அதுல 10 மைக்ரோ வோல்ட் பிசகுனாலே 1 மில்லி ஆம்பியர் தப்பா வரும்.

அடுத்து சிப்புக்குள்ள கரண்ட் மதிப்பு இருக்கற ரிஜிஸ்டரை நேரா படிங்க. 65336னு வந்தா அது மைனஸ் 200தான், மைனஸே இல்லாத அன்சைன்ட் 16 பிட் நம்பரா கோட்ல வாங்கியிருக்கீங்க. அதே மைனஸ் 200க்கு 14591னு சம்பந்தமில்லாம வந்தா ரெண்டு பைட்டும் இடம் மாறியிருக்கு, அப்ப சைன் (ப்ளஸ், மைனஸ் குறி) இஷ்டத்துக்கு மாறும். ரெண்டும் இல்லன்னா சிப் தர்ற பர்சன்டேஜ் எந்தப் பக்கம் நகருதுன்னு கொஞ்ச நேரம் பாருங்க: அது சரியா போய் கரண்ட் மட்டும் தப்புன்னா சிப்பை படிக்கற டிரைவர் கோட்ல யாரோ சைனை திருப்பியிருக்காங்க, அதுவும் எதிர்ப்பக்கம் போனா வயரிங் தப்பு, இல்லன்னா கேலிபரேஷன் (தெரிஞ்ச கரண்டை கொடுத்து சிப்போட அளவை சரி பண்றது) தப்பு.

வயரிங்குக்கு மல்டிமீட்டர் போதும். மில்லி வோல்ட் ரேஞ்ச்ல வச்சு சென்ஸ் ரெசிஸ்டர் ரெண்டு முனையிலயும் வைங்க, 10 மில்லி ஓம்ல 500 மில்லி ஆம்பியர் ஓடுனா 5 மில்லி வோல்ட் வரும், சிவப்பு ப்ரோப் சிப்போட ப்ளஸ் சென்ஸ் பின் போற முனையில இருக்கணும், இப்ப வர்ற சைனை டேட்டாஷீட்டோட ஒப்பிடுங்க. ரெசிஸ்டர் பேட்டரியோட நெகட்டிவ் பக்கம் இருக்கற சர்க்யூட்டை பார்த்து பாசிட்டிவ் பக்கம் வரையும்போதுதான் இந்த ரெண்டு பின்னும் அதிகமா மாறிப்போகுது. வயரிங் சரியா இருந்தா கேலிபரேஷனை பாருங்க, டிஸ்சார்ஜ் லோடு வச்சு பண்ணும்போது மைனஸ் 1000னு கொடுக்க வேண்டிய இடத்துல வெறும் 1000னு கொடுத்தா கெயினே (அளந்த வோல்ட்டை கரண்டா மாத்த பெருக்கற எண்) சைன் மாறி உள்ள உக்காந்துடும்.

ஓவர் கரண்ட் பாதுகாப்பும் அதே சிப்ல இருந்தா சரி பண்ற வரைக்கும் சார்ஜே போடாதீங்க, சார்ஜுக்கு வச்ச லிமிட் டிஸ்சார்ஜுக்கும் டிஸ்சார்ஜுக்கு வச்சது சார்ஜுக்கும் வேலை செய்யும், இது விளையாட்டு இல்ல.

சரி பண்ணதும் சிப்பை ரீசெட் பண்ணி ஒரு தடவை முழுசா ஏத்தி இறக்கி விடுங்க, தப்பான கரண்டை வச்சு அது கத்துக்கிட்ட கெபாசிட்டி இன்னும் உள்ள இருக்கும். அப்பவும் மாறலன்னா ரிஜிஸ்டர் மதிப்பையும் ரெசிஸ்டர் பக்கத்து போர்டு படத்தையும் கமென்ட்ல போடுங்க, பாக்கலாம்.