தலைச்சுற்றலுக்கு உள்காதின் எந்தக் கோளாறு காரணம் என்பதைப் பரிசோதனையில் எப்படிப் பிரித்தறிகிறார்கள்?

கருவிகளுக்கு முன்னால், 'ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் சுற்றுகிறது?' என்ற கேள்வியே பாதி வேலையை முடித்துவிடும்.

படுக்கையில் புரளும்போது சில விநாடிகள் மட்டும் சுற்றினால், உள்காதில் இடம் பெயர்ந்த கால்சியம் துகள்கள் மீதுதான் முதல் சந்தேகம். அதற்கு 1952இல் விவரிக்கப்பட்ட டிக்ஸ்-ஹால்பைக் சோதனை இருக்கிறது. உட்கார்ந்திருப்பவரின் தலையை 45 டிகிரி திருப்பி, விரைவாக மல்லாக்கச் சாய்த்து, தலை கட்டில் விளிம்புக்குக் கீழே சற்றுத் தொங்கும்படி பிடித்துக்கொள்வார்கள். சில விநாடிகள் ஒன்றும் நடக்காது. பிறகு கருவிழிகள் சுழன்று துடிக்கும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். அப்போது கீழ்ப்பக்கம் இருக்கும் காதில்தான் பொதுவாகக் கோளாறு.

நாள்கணக்கில் விடாமல் சுற்றினால் உள்காதிலிருந்து மூளைக்குப் போகும் சமநிலை நரம்பின் அழற்சியாக இருக்கலாம். மருத்துவர் தன் மூக்கையே பார்க்கச் சொல்லி, உங்கள் தலையைச் சட்டென்று சிறிது திருப்புவார். நரம்பு பழுதாகியிருந்தால் கண்ணும் தலையோடு விலகிப்போய், பிறகு மூக்கை நோக்கித் தாவித் திரும்பும். விசித்திரம் என்னவென்றால், சுற்றல் தொடரும்போதே இந்தச் சோதனை இயல்பாக இருந்தால் நிம்மதி அடையக் கூடாது. மூளைப் பக்கவாதமாக இருக்கலாம். உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

மெனியர் நோய் என்ற உள்காதுக் கோளாறில் சுற்றல் 20 நிமிடம் முதல் 12 மணி நேரம் வரை நீடிக்கும். காதில் இரைச்சலும் அடைப்பும் சேர்ந்து வரும். கேட்புத்திறன் சோதனையில் தாழ்ந்த சுருதி ஒலிகள் சரியாகக் கேட்காதது அதற்கு முக்கியமான தடயம்.