வாசகர் கேள்வி – பதில்: விண்ணப்பக் கடிதத்தில் பணிவு எவ்வளவு?

கேள்வி: நான் திருகோணமலை வளாகத்தில் முகாமைத்துவம் இறுதியாண்டு படிக்கிறேன். நிலாவெளியிலுள்ள ஒரு சுற்றுலா விடுதியின் பயிலுநர் பதவிக்கு நானும், என் சிங்கள நண்பியும், முஸ்லிம் நண்பியும் ஆங்கிலத்தில் எழுதிய கடிதங்களைக் கனடாவிலுள்ள என் அண்ணா பார்த்துவிட்டு, மூன்றும் கெஞ்சும் கடிதங்கள் என்றார். அவர் திருத்தி அனுப்பியதை எங்கள் விரிவுரையாளர் படித்துவிட்டு, தலைக்கனம் தெரிகிறது என்றார். யார் சொல்வதைக் கேட்பது? மூன்று கடிதங்களையும் அண்ணா திருத்தியதையும் இணைத்துள்ளேன்.
– வாசகி, உப்புவெளி

பதில்: அன்பு மகளுக்கு, நான்கு கடிதங்களையும் இரண்டு தடவை வாசித்தேன். அண்ணா தான் வாழும் நாட்டில் கடிதத்தைப் பிரிப்பவரை மனதில் வைத்துத் திருத்தியிருக்கிறார். விரிவுரையாளர் இங்கே பிரிப்பவரை நினைத்துச் சொல்லியிருக்கிறார். ஆகவே இருவர் மீதும் குறையில்லை.

உங்களுக்கு நேர்ந்ததை ஆய்வாளர்களும் கவனித்திருக்கிறார்கள். வேலை விண்ணப்பக் கடிதமும் விற்பனைக் கடிதமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று 1993இல் எழுதிய மொழியியலாளர் விஜய் பாட்டியா, இலங்கை உட்பட்ட தெற்காசியாவில் இக்கடிதம் பெரும்பாலும் சுயவிபரக்கோவைக்கு மேலுறையாக மட்டுமே நின்றுவிடுகிறது என்றும், அதற்கு மேல் பேசும்போது நிறுவனத்தைப் புகழ்வதும் தன்னைத் தாழ்த்துவதுமாகப் போய்விடுகிறது என்றும் காட்டினார். ஆனால் மேலைநாட்டார் எல்லோரும் ஒரேமாதிரி எழுதுவார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்க, பெல்ஜிய, பின்லாந்து மாணவர்கள் ஆங்கிலத்தில் எழுதிய விண்ணப்பக் கடிதங்களை ஒப்பிட்டு அப்டன், கானர் என்ற இருவர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க மாணவர்களின் மரியாதைச் சொற்கள் அச்சில் வார்த்தவை போல வழக்கமான தொடர்களாக இருந்தன என்றும், பெல்ஜிய மாணவர்கள் அவரவர் போக்கில் எழுதினார்கள் என்றும், பின்லாந்துக்காரர் இரண்டுக்கும் இடையில் நின்றார்கள் என்றும் கண்டார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாம் நமது பண்பாடு என்று நினைத்துக் கட்டிக்காக்கும் கெஞ்சல் முழுவதும் நம்முடையதல்ல. ஆங்கிலேயர் காலத்துக் கச்சேரிகளில், அதாவது அரச அலுவலகங்களில், பெரிய அதிகாரிகள்கூடத் தம் கடிதங்களைத் ‘தங்கள் கீழ்ப்படிவுள்ள சேவகன்’ என்றுதான் முடித்தார்கள். அவர்களுக்கு அது வெறும் முடிப்புத் தொடர். நாமோ அதைத் தமிழாக்கி, உள்ளத்தோடு எழுதத் தொடங்கிவிட்டோம். உங்கள் சிங்கள நண்பியின் ஆங்கிலத்துக்கு அடியிலும் ‘காருணிகவ இல்லா சிட்டிமி’, அதாவது கருணையுடன் கேட்டுநிற்கிறேன் என்ற தொடர்தான் கிடக்கிறது.

இனி உங்கள் கடிதத்துக்கு வருவோம். ‘எனது குடும்ப நிலைமையையும் கருத்திற்கொண்டு இவ்வாய்ப்பைத் தந்துதவுமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன்’ என்ற பொருளில் எழுதியிருக்கிறீர்கள். திருகோணமலையில் ஓர் அலுவலகத்தில் பல ஆண்டுகள் விண்ணப்பங்களைத் தரம்பிரித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த வரி என் மனதை வருத்தியிருக்கிறதே தவிர, யாரைத் தெரிவுசெய்வது என்பதற்கு ஒருநாளும் உதவியதில்லை, ஏனென்றால் அடுத்த உறையிலும் அதே கஷ்டமும் அதே வரியும் இருந்தன. அண்ணா அதை எடுத்துவிட்டுப் போட்டிருக்கும் ‘உங்கள் விடுதிக்கு நான் பெரும் பலமாக அமைவேன்’ என்ற வரியும் எனக்கு உதவியிராது. அதுவும் எல்லோரும் எழுதக்கூடியதே.

உங்கள் சுயவிபரக்கோவையின் இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரு வரி ஒளிந்திருக்கிறது. வளாகக் கண்காட்சியில் மூன்று நாட்கள் வரவேற்பு மேசையில் இருந்து, வந்தவர்களுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வழிகாட்டியிருக்கிறீர்கள். சுற்றுலா விடுதி தேடுவது இதைத்தானே! அதைக் கடிதத்தின் இரண்டாம் வாக்கியமாக ஏற்றுங்கள். நடந்ததை நடந்தபடி சொல்வதில் தலைக்கனம் இல்லை. உங்கள் முஸ்லிம் நண்பி தன் தந்தையின் சிறிய தங்குமிடத்தில் இரண்டு வருடம் கணக்கெழுதியதை உங்கள் குறிப்பிலிருந்துதான் அறிந்தேன், அவருடைய கடிதத்தில் அது இல்லவே இல்லை. வீட்டு வேலை என்று விட்டுவிட்டாராக்கும். கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். ‘கனம் ஐயா’ என்ற விளிப்பையும் இறுதியில் நன்றியையும் மூவரும் அப்படியே வைத்திருங்கள், அவை இங்கே நல்ல பழக்கம்.

கேள்வி: வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும்போது புகைப்படமும் திருமண விபரமும் தேவையா?
– வாசகர், மூதூர்

பதில்: நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவுக்கும் பிரித்தானியாவுக்கும் இரண்டுமே வேண்டாம்; பாகுபாடு காட்டியதாகப் பேச்சு வரக்கூடாது என்பதால் அங்கே நிறுவனங்களே அவற்றை விரும்புவதில்லை. ஜேர்மனியில் 2006ஆம் ஆண்டின் சமநடத்தைச் சட்டத்துக்குப் பிறகு படத்தைக் கட்டாயப்படுத்துவதில்லை, ஆனாலும் பலர் இணைக்கிறார்கள். ஜப்பானின் ‘ரிரெகிஷோ’ என்னும் விபரப் படிவத்தில் படத்துக்கென்றே இடம் உண்டு. 2021இல் அந்நாட்டுத் தொழில் அமைச்சு வெளியிட்ட மாதிரிப் படிவம், பாலினத்தைக் குறிப்பதை விண்ணப்பதாரியின் விருப்பத்துக்கு விட்டது. வளைகுடா நாடுகளின் நிறுவனங்கள் பல இன்னும் படத்தையும் திருமண விபரத்தையும் கேட்கின்றன. நம் அரசாங்கப் பதவி என்றால் யோசிக்கவே வேண்டாம்: வர்த்தமானியில் வந்த படிவத்தை வரிசை மாறாமல் நிரப்பி, கையொப்பத்தை அதில் கேட்டபடி உறுதிப்படுத்தி, உறையின் இடதுபக்க மேல்மூலையில் பதவியின் பெயரை எழுதிப் பதிவுத் தபாலில் சேருங்கள்.