ஆத்தா ஏன் நடக்க மறுக்கிறார்?

கேள்வி: என் ஆத்தாவுக்கு 76 வயது. கானாடுகாத்தானில் என்னோடு இருக்கிறார். இரண்டு மாதத்துக்கு முன் வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, நடக்கலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனால் பிசியோதெரபிஸ்ட் வந்தாலே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். சாப்பாடு இறங்கவில்லை, விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துவிடுகிறார். கொட்டான் என்னும் ஓலைக்கூடை பின்னுவதில் பேர் வாங்கியவர், இப்போது ஓலையைத் தொடுவதே இல்லை. ‘அடம் பிடிக்கிறது, அதட்டினால்தான் நடக்கும்’ என்கிறான் சிங்கப்பூரிலிருக்கும் தம்பி. எனக்கு மனம் வரவில்லை. தூக்க மாத்திரை கொடுத்துப் பார்க்கலாமா?
- வாசகி, கானாடுகாத்தான்

பதில்: அதட்டவே வேண்டாம். பசியில்லை, விடியுமுன் விழிப்பு, கைப்பழக்கமான வேலையில்கூட நாட்டமில்லை. இவை சேர்ந்து வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது மனச்சோர்வு நோயைத்தான். இடுப்பெலும்பு முறிவுக்குப் பின் பெரியவர்களுக்கு இது வருவது சகஜம். ‘மனசு சரியில்லை’ என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். வலிக்கிறது, அசதியாக இருக்கிறது, என்னை விட்டுவிடு என்பார்கள். வயசானால் அப்படித்தான் என்று வீட்டிலும் விட்டுவிடுகிறோம். அது தவறு. இதற்கு வைத்தியம் உண்டு.

அமெரிக்க முதியோர் மனநல மருத்துவர் எரிக் லென்ஸி இதைத்தான் பல வருடங்களாக ஆராய்ந்து எழுதிவருகிறார். ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும், நோயாளி எவ்வளவு மனதோடு ஈடுபட்டார் என்று சிகிச்சையாளர் 1 முதல் 6 வரை மதிப்பெண் போடும் முறையை அவரும் சக ஆய்வாளர்களும் 2004-ல் வெளியிட்டார்கள். மதிப்பெண் குறைந்தவர்கள் குறைவாகவே தேறினார்கள், ஆஸ்பத்திரியிலும் அதிக நாள் இருக்க நேர்ந்தது. அத்தோடு நிற்காமல், ஈடுபாட்டைக் கூட்டுவது எப்படி என்றும் பார்த்தார்கள். நோயாளி எதைத் திரும்பச் செய்ய ஆசைப்படுகிறார் என்று கேட்டு, ஒவ்வொரு பயிற்சியையும் அந்த ஆசையோடு இணைத்தார்கள். கண்ட முன்னேற்றத்தை உடனுக்குடன் எடுத்துச் சொன்னார்கள். 229 முதியவர்களை வைத்து நடந்த அந்த ஆய்வு 2019-ல் வெளியானது. வழக்கமான பயிற்சி பெற்றவர்களைவிட இவர்கள் அன்றாடக் காரியங்களைத் தாமே செய்துகொள்வதில் கூடுதலாகத் தேறியிருந்தார்கள்.

உங்கள் வீட்டுக்கு இதை எப்படிக் கொண்டுவருவது? ‘பத்து தடவை காலைத் தூக்குங்க’ என்றால் அது ஆத்தாவுக்கு எதற்கென்றே தெரியாத வேலை. அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். சாமி அறையில் தன் கையால் விளக்கேற்ற வேண்டும் என்று சொல்லலாம், இரண்டாங்கட்டில் உட்கார்ந்து பலகாரம் சுடுவதைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லலாம். அதைப் பிசியோதெரபிஸ்டிடம் சொல்லிவிடுங்கள். நம் வீடுகளில் நிலைப்படி உயரம். வாக்கரோடு அதைத் தாண்டுவதே தனிப் பயிற்சி. முதல் வாரம் அறைவாசல் வரை, அடுத்து வளவின் முதல் தூண் வரை. போய்ச் சேர்ந்ததும் உட்கார நாற்காலியும், கைக்கெட்டும் இடத்தில் நனைத்த ஓலையும் இருக்கட்டும். பின்னாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஈரம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மனச்சோர்வு இருந்தால் இது மட்டும் போதாது. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ பக்கத்திலோ ஒரு மனநல மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள். ஆம், இல்லை என்று பதில் சொல்லும் 15 கேள்விகள் கொண்ட முதியோர் மனச்சோர்வு அளவுகோல் இருக்கிறது. வலி, தூக்கம் பற்றி அதில் கேட்பதில்லை. அவை வயதானவர்களுக்குப் பொதுவாகவே இருப்பவை. ரத்தசோகை, தைராய்டு, சாப்பிடும் மற்ற மாத்திரைகள் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். மருந்து கொடுத்தால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், பாதியில் நிறுத்திவிடாதீர்கள். சில மருந்துகளால் முதியவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் குறையலாம், அதற்கான பரிசோதனையையும் கேட்டுக்கொள்ளுங்கள். தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்கவே கூடாது. தள்ளாடி மறுபடி விழுந்தால் இப்போது இருப்பதும் போய்விடும்.

பிசியோதெரபிச் செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். தண்ணீரைக்கூட மறுத்தாலோ, திடீரென்று ஆள் அடையாளம் தெரியாமல் குழம்பினாலோ, இருந்து என்ன பயன், போய்ச் சேர்ந்தால் தேவலை என்று பேசினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விடுங்கள். கடைசியாகச் சொன்ன பேச்சை அவர் வாயில் கேட்டால் தனியாக விடாமல் கூடவே ஒருவர் இருங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் 24 மணி நேரமும் பேசலாம்.