கால்வாய் ஓரத்துப் பழைய பப்பைப் புதுப்பித்துவிட்டார்களாம், மறுபடி போகலாமா?

போகலாம். சாப்பாடு முன்பைவிட நன்றாகவே இருக்கும். கழிப்பறை கண்டிப்பாக நன்றாக இருக்கும்.

இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் "பல வருடத்துக்கு முன் இங்கிலாந்தில் ஒரு கால்வாய் ஓரத்து பப்பில் உட்கார்ந்திருந்தோம், அதை மறக்க முடியவில்லை, இப்போது மாற்றிக் கட்டிவிட்டதாகக் கேள்வி" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னை உட்கார வைத்துவிட்டது. நீங்கள் ஆன்சைட் வந்த காலத்தில், ஆபீஸ் நண்பர் யாரோ சொல்லி ஒரு விடுமுறை நாளில் போயிருப்பீர்கள். இப்போது பிள்ளைகளை அழைத்துவந்து அதே பெஞ்சைக் காட்ட ஆசை. தப்பாக ஊகித்திருந்தால் மன்னிக்கவும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். "ஒரு பொம்பளை பப்புக்குப் போனதைப் பெருமையாக எழுத வந்துவிட்டாள்" என்று பின்னூட்டம் போடப்போகிறவர்களுக்கு: நான் குடிப்பதில்லை. எங்களுக்கும் ஒரு கால்வாய் ஓரத்து பப் இருந்தது, அதையும் புதுப்பித்துவிட்டார்கள். பதிமூன்று வருடம் அந்த பப்புக்குப் போனதில் நான் குடித்ததெல்லாம் டீயும் லெமனேடும்தான். குடித்திருந்தாலும் உங்களுக்கு என்ன? பப் என்றதும் கம்பி வலைக்குள் கையை நீட்டும் டாஸ்மாக்கை நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே பப்பில் பாட்டி இருப்பாள், நாய் இருக்கும், குழந்தை தரையில் உட்கார்ந்து வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கும்.

நாங்கள் லெஸ்டருக்கு வந்தது 2006 கடைசியில். எனக்கு மன்னார்குடிப் பக்கம், அவருக்குக் கும்பகோணம். தண்ணீரைப் பார்த்தால் கால் தானாகப் போகும். ஊரைவிட்டு வெளியே கிராண்ட் யூனியன் கால்வாயின் லெஸ்டர் கிளை போகிறது. கரையோரமாகக் குதிரை படகை இழுத்துக்கொண்டு நடந்த பாதை இன்னும் இருக்கிறது, டோபாத் என்பார்கள். 2007 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் நடக்கப் போனோம். மழை பிடித்துக்கொண்டது. நான்கு வயது மகள் "அம்மா, அவசரம்" என்றாள். எதிரே ஒரு பாலம், பாலத்தை ஒட்டிப் புகை படிந்த செங்கல் கட்டடம், ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம். பெயர் சொல்லமாட்டேன், காரணம் பிறகு புரியும்.

கதவைத் திறந்தோம். உள்ளே ஒரே சிகரெட் புகை. (பப்புக்குள் புகைபிடிக்கத் தடை அந்த வருடம் ஜூலை 1-ஆம் தேதிதான் வந்தது.) பேச்சு நின்றது. அத்தனை தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. மூலையில் இருந்த ஒருவர், "இப்போது இங்கேயும் வந்துவிட்டார்களா" என்கிற மாதிரி பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். எங்கள் காதில் விழவேண்டும் என்றே சொன்னார். பழைய பப் என்றால் எல்லாரும் அன்பைப் பொழிந்தார்கள் என்று எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. அந்த மனிதர் கடைசிவரை எங்களோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

பாரின் பின்னால் இருந்த லேண்ட்லேடி (பப்பை எடுத்து நடத்துகிற பெண்ணை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். "கம் இன், மீ டக்" என்றார். என் கணவருக்கு முகம் மாறிவிட்டது. நம்மை வாத்து என்கிறாளே என்று. இந்தப் பக்கத்தில் அது "வாடா கண்ணு" மாதிரி என்று தெரிய ஒரு மாதம் ஆனது. கழிப்பறை கொல்லைப்புறத்தில். குடை பிடித்துக்கொண்டு போய், இருட்டில், சங்கிலியை இழுத்து... மகள் பயந்து அழுதாள். திரும்பி வந்தால் அந்த அம்மா ஒரு துண்டோடு நிற்கிறார். பிள்ளைக்குத் தலை துவட்டிவிட்டு, ஒரு கிரிஸ்ப்ஸ் (நம்மூர் சிப்ஸ்) பாக்கெட்டின் முதுகைக் கிழித்து, மேசைமேல் வாழை இலை மாதிரி விரித்துவைத்தார். நாலு பேர் கை போட்டுத் தின்பதற்கு இங்கே அப்படித்தான் செய்வார்கள். டீக்குக் காசு வாங்கவில்லை.

அதற்குப் பிறகு மாதம் இரண்டு ஞாயிறாவது போய்விடுவோம். சீஸ், வெங்காயம் வைத்த காப் (இந்தப் பக்கத்தில் பன்னுக்கு அதுதான் பேர்), அவருக்கு அரை பைன்ட் கறுப்பு மைல்ட் பீர், எனக்கு டீ. கையால் இழுக்கும் பம்பில் வரும் கேஸ்க் ஏல் அது. நிலவறையில் 11 முதல் 13 டிகிரியில் பீப்பாய்க்குள்ளேயே நுரைத்துக்கொண்டிருக்கும். இந்த வகை அழிந்துவிடக்கூடாது என்று 1971-இல் காம்ரா என்று ஒரு இயக்கமே ஆரம்பித்திருக்கிறார்கள். ரசனையோடு இரண்டு வருடம் குடித்தார். ஒருநாள் யாரோ, ஈஸ்ட் அடியில் படிந்து பீர் தெளிவாக இருப்பதற்கு ஐசிங்கிளாஸ் சேர்ப்பார்கள், அது மீனின் காற்றுப்பையில் இருந்து எடுப்பது என்றார். கும்பகோணத்துச் சைவம்! கண்ணாடி டம்ளரை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அம்மாவிடம் சொல்லிவிடாதே." மாமியாரிடம் இன்றுவரை சொல்லவில்லை. இந்தத் தளத்தில் அவர் இல்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

பப்பை ஒட்டிய பாலத்தைச் சொல்லவேண்டும். வளைவின் ஓரத்தில் ஒரு இரும்புப் பட்டை பதித்திருக்கும். அதில் விரல் நுழையும் ஆழத்துக்குத் தடம் தடமாகப் பள்ளம். குதிரை இழுத்த கயிறு நூறு வருடத்துக்கும் மேலாக உரசியது. எங்கள் வீட்டுக் கிணற்றுக் கைப்பிடிச் சுவரில் பாட்டி தண்ணீர் இறைத்த தடமும் அப்படியேதான் இருக்கும். முதல் தடவை அதைத் தொட்டபோது எனக்கு வந்த அழுகைக்கு மழையைக் காரணம் சொல்லிவிட்டேன்.

சிறு வயதில் அப்பாவோடு நிலக்கரிப் படகில் வேலை செய்த ஒரு பெரியவர் அங்கே வருவார். எழுபது அடி நீளம், ஏழடிக்கும் குறைவான அகலம். அதில் சரக்கு போக மிச்சம் இருக்கும் பத்தடி அறையில்தான் குடும்பமே. அடுப்பு, கட்டில், நாலு பிள்ளை எல்லாம் அதற்குள். வழிநெடுக பப் இருந்தது குடிக்க மட்டுமல்ல, குதிரைக்கு லாயம், மனிதருக்கு ரொட்டி, அடுத்த சரக்கு எங்கே என்கிற சேதி, எல்லாம் அங்கேதான். 1962-63 குளிர்காலத்தில் கால்வாய் வாரக்கணக்கில் உறைந்து கிடந்தது, சரக்கெல்லாம் லாரிக்குப் போனது, பனி உருகியபின் திரும்பி வரவில்லை என்பார். ஃபாக்ஸ்டன் லாக்குகளைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். லாக் என்றால் இரண்டு பக்கமும் கதவு வைத்த தண்ணீர்த் தொட்டி. படகை உள்ளே விட்டு மதகைத் திறந்து தண்ணீரை ஏற்றி இறக்கினால் படகும் கூடவே ஏறி இறங்கும். ஃபாக்ஸ்டனில் ஐந்து ஐந்தாக இரண்டு படிக்கட்டு, மொத்தம் பத்து, 75 அடி ஏற்றம், 1814-இல் திறந்தது. அங்கே மதகில் சிவப்பு, வெள்ளை என்று இரண்டு நிறம். சிவப்பை முதலில் திறக்கவேண்டும், மாற்றித் திறந்தால் செத்தாய் என்று ஒரு பாட்டே உண்டு. என் மகள் ஏ, பி, சி-க்குப் பிறகு கற்ற ஆங்கிலப் பாட்டு அதுதான்.

எனக்குத் தொழில் கணக்கு. அது தெரிந்ததும் லேண்ட்லேடி அம்மா ஒருநாள் கடை மூடியபின் நோட்டுகளை எடுத்துவைத்தார். அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. கட்டடம் அவருடையதில்லை, ஒரு கம்பெனியுடையது. வாடகையும் கொடுத்து, பீரையும் அந்தக் கம்பெனியிடமே, அவர்கள் சொல்லும் விலைக்கே வாங்கவேண்டும். வெளியில் சல்லிசாகக் கிடைக்கிறதே என்று வாங்கக்கூடாது. 1989-இல் அரசாங்கம், பெரிய பீர் கம்பெனிகள் கையில் இத்தனை பப் குவியக்கூடாது என்று 2,000 எண்ணிக்கையில் கடிவாளம் போட்டது. நல்ல எண்ணம்தான். அவர்கள் விற்றார்கள், பீரே காய்ச்சாத புதுக் கம்பெனிகள் மொத்தமாக வாங்கிக்கொண்டன. பேய்க்குப் பயந்து பிசாசிடம் போன கதை. 2016-இல் இன்னொரு சட்டம் வந்தது, பெரிய கம்பெனிகளின் குத்தகைதாரர் சந்தை வாடகை மட்டும் கட்டிவிட்டு பீரை வெளியில் வாங்க உரிமை கேட்கலாம் என்று. அம்மாவும் கேட்டார். புது வாடகை இவ்வளவு என்று பதில் வந்தது. நான்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பீரில் மிச்சமாவதை வாடகை முழுசாகத் தின்றது. "வேண்டாம்" என்று சொன்னதும் நான்தான். அது சரியான யோசனையா என்று இன்னும் தெரியவில்லை.

2020 மார்ச் 20 இரவு நாடு முழுக்க பப்களை மூடச் சொன்னார்கள். அந்த அம்மா மறுபடி திறக்கவே இல்லை. கோடையில் சாவியை ஒப்படைத்தார். ஜன்னலில் இருந்த பச்சைத் தண்ணீர்க் கேன் ஒன்றை, படகுக்காரர்கள் ரோஜாவும் கோட்டையும் வரைந்து வைத்துக்கொள்வது, எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது தன் மகள் இருக்கும் ஊரில், கடலோரம் எங்கோ இருக்கிறார். கிறிஸ்துமஸ் அட்டை வரும். எப்போதும் "மீ டக்" என்றுதான் ஆரம்பிக்கும்.

புதுப்பித்துத் திறந்தது 2022-இல். மகள் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்தாள், அவள்தான் ஆப்பில் மேசை பதிவு செய்தாள். எங்கள் பப்புக்கு மேசைப் பதிவு! செங்கல்லில் கரி போய்விட்டது. உள்ளே எல்லாம் சாம்பல் நிறம், தொங்கும் பல்பு, இரண்டு சின்ன அறைக்கு நடுவே இருந்த சுவரை எடுத்து ஒரே கூடம். ஒரு சுவர் முழுக்கப் பழைய புத்தகம். அழகுக்கு மீட்டர் கணக்கில் வாங்கி அடுக்குவார்கள். ஒன்றை உருவிப் பார்த்தேன், எண்பதுகளின் வரிச் சட்டத் தொகுதி. சிரிக்காதீர்கள், பத்துப் பக்கம் படித்தேன். எதிர்ச்சுவரில் பெரிதாக ஒரு படகுப் படம். அகலத்தைப் பார்த்தாலே தெரிகிறது, ஃபாக்ஸ்டன் லாக்கில் அது மூக்கைக்கூட நுழைக்க முடியாது. பெரியவர் இருந்திருந்தால் கழற்றச் சொல்லியிருப்பார்.

குறை மட்டும் சொன்னால் பாவம். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போட்டிருந்தார்கள். கழிப்பறை உள்ளே, வெந்நீரோடு. சைவத்துக்குப் பட்டியலில் ஏழெட்டு வகை, முன்பு அந்த ஒரே காப்தான். நாங்கள் நுழைந்தபோது ஒரு தலையும் திரும்பவில்லை. அந்தக் கதவைத் திறக்கும்போது வயிறு ஒருதரம் சுண்டும் எனக்கு, பதிமூன்று வருடப் பழக்கத்துக்குப் பிறகும். அன்றைக்குச் சுண்டவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது, மறைக்க விரும்பவில்லை.

ஆனால் பையன் வந்து, "ஒன்றரை மணி நேரம்தான் மேசை உங்களுக்கு" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். ஆர்டர் செய்ய மேசையில் ஒரு க்யூஆர் கோடு கட்டம், போனில் படம் பிடிக்கவேண்டும். பாருக்குப் போய் நின்றால்தானே பக்கத்தில் நிற்பவரிடம் மழையைப் பற்றி ஒரு வார்த்தை பேச முடியும்? நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதைப் பார்த்து மகள், "அம்மா, நீ பழசை நினைத்து உருகுகிறாய். நான் அந்தக் கொட்டகைக் கழிப்பறையில் அழுதது ஞாபகம் இருக்கா?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. கிரிஸ்ப்ஸ் கேட்டேன். சின்னக் கிண்ணத்தில் வந்தது.

இனி எழுதப்போவதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் எழுதுவேன். கார் நிறுத்துமிடம். முன்பு அது குண்டும் குழியுமான வெறும் மண். இப்போது கம்பத்தில் கேமரா. உள்ளே பார் பக்கத்தில் ஒரு டேப்லெட்டில் வண்டி எண்ணைத் தட்டவேண்டும், தட்டினால் இலவசம். என் கார் 2009 வண்டி, எண்ணில் 09 வரும். கண்ணாடி போடாமல் பூஜ்யத்துக்குப் பதில் ஓ என்ற எழுத்தைத் தட்டிவிட்டேன். பத்தாம் நாள் கடிதம்: நூறு பவுண்டு, 14 நாளுக்குள் கட்டினால் அறுபது. பார்க்க அரசாங்க அபராதம் மாதிரியே இருக்கும். இல்லை, தனியார் கம்பெனி அனுப்பும் பில். சாப்பிட்ட ரசீது அனுப்பினேன். மேசைப் பதிவு, வங்கிக் கணக்கு, மகள் எடுத்த செல்ஃபி எல்லாம் அனுப்பினேன். "தங்கள் விளக்கம் பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது." கணக்கு வேலை பார்க்கிறவள் நான், ஒரு பூஜ்யத்துக்காக என்னை இப்படி யாரும் அவமானப்படுத்தியதில்லை! அவர் அறுபதைக் கட்டித் தொலைத்துவிடலாம் என்றார். நான் விடவில்லை. மேல்முறையீடு வரை போய், நாலு மாதம் கழித்து ரத்து ஆனது.

ஆகவே நீங்கள் போகும்போது வண்டியை கிராமத்துத் தெருவிலேயே விட்டுவிட்டு, டோபாத் வழியாகக் கால் மணி நேரம் நடந்து போங்கள். உங்கள் பப் பக்கமும் ஏதாவது பழைய பாலம் இருக்கும். உள்ளே போகும் முன் அதன் வளைவைத் தடவிப் பாருங்கள், அதை யாரும் பெயின்ட் அடித்திருக்கமாட்டார்கள். வண்டியை அங்கேயே கொண்டுபோய்த்தான் நிறுத்துவேன் என்றால், டேப்லெட் முன்னால் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.