பதில்: மகளோடு விளையாட உட்கார்ந்தால் சலிக்கிறது

பத்து நிமிடம் கட்டை அடுக்குவதற்குள் சலித்துவிடுகிறது, எனக்குள் இருந்த குழந்தை செத்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். அதெல்லாம் சாகவில்லை. நீங்கள் விளையாடவில்லை, மேற்பார்வை பார்க்கிறீர்கள், அவ்வளவுதான். கோபுரம் நேராக நிற்க வேண்டும், நிறம் பொருந்த வேண்டும் என்று அவளைத் திருத்திக்கொண்டே இருந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படி உட்கார்ந்தால் யாருக்குத்தான் சலிக்காது? அடுத்த முறை ஆட்டத்தை அவள் கையில் விடுங்கள். அவள் ஒரு கட்டையைக் காதில் வைத்து ஹலோ என்றால் நீங்களும் ஒன்றை எடுத்து, "உங்கள் நாய்க்குட்டி என் செருப்பைத் தின்றுவிட்டது" என்று புகார் கொடுங்கள்.

அப்புறம், முன்பு படம் வரைவேன் என்றீர்களே, அதை யாருக்கும் காட்டாமல், நன்றாக வர வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் கிறுக்கிப் பாருங்கள். இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் வேலையே வெறுத்துப்போயிருந்த காலத்தில், உணவகத்தில் யாரோ தூக்கிப்போட்ட தட்டு ஆடிக்கொண்டே சுழன்றதைப் பார்த்து, ஒரு பயனும் இல்லை என்று தெரிந்தே சும்மா அதற்குக் கணக்குப் போட்டார். 1965இல் நோபல் பரிசு வாங்கித் தந்த ஆய்வுக்கு அந்த விளையாட்டுத்தான் தொடக்கம் என்று பின்னாளில் அவரே சொன்னார். உங்களுக்குப் பரிசெல்லாம் வேண்டாம் (வந்தால் சொல்லுங்கள்). போனை மட்டும் அடுத்த அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள்.