கட்டணத்தை அரசு கட்டும், வீட்டை யார் பார்ப்பது?

கேள்வி: வணக்கம் டாக்டர் அம்மா. எனக்கு வயது 29. டி.பார்ம் முடித்துவிட்டு மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிறேன், மாதம் 19,000 சம்பளம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. இந்த முறை நீட் மதிப்பெண்ணுக்கு, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். இடம் கிடைக்கும் என்கிறார்கள். ஆனால் வீட்டில் அம்மா, மனைவி, மூன்று வயது மகள் எல்லோரும் என் சம்பளத்தை நம்பி இருக்கிறார்கள். மனைவி வீட்டிலேயே தைக்கிறாள், மாதம் ஐயாயிரம் வரும். அம்மாவுக்கு விதவை ஓய்வூதியம் வருகிறது. வாடகையோடு சேர்த்து எப்படிச் சுருக்கினாலும் 16,000 ஆகிவிடும். சீட்டுப் பணம் ஒரு லட்சம், ஐந்து பவுன் நகை, அவ்வளவுதான் கையிருப்பு. கடை முதலாளி, "நீ படிக்கப் போ, சர்டிபிகேட்டை மட்டும் கடையில் விட்டுவிடு, மாதம் ஆறாயிரம் தருகிறேன்" என்கிறார். சேரலாமா? கல்விக் கடன் வாங்கி வீட்டை நடத்த முடியுமா?
- பெயர் வேண்டாம், போளூர்

பதில்: தம்பி, முதலில் சேருங்கள். நீட் மதிப்பெண் அந்த ஒரு வருடத்துக்குத்தான் செல்லும், "இரண்டு வருடம் பணம் சேர்த்துவிட்டு வருகிறேன்" என்று இடத்தை நிறுத்தி வைக்க முடியாது. வயதைப் பற்றி யாராவது பயமுறுத்தினால் காதில் வாங்க வேண்டாம். நீட் எழுத இருந்த மேல் வயது வரம்பை 2022-லேயே எடுத்துவிட்டார்கள்.

இப்போது பணத்துக்கு வருவோம். உங்களுக்குக் கட்டணம் ஒரு பிரச்சினையே இல்லை. 2020-ல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேருகிறவர்களுக்குக் கட்டணத்தை மாநில அரசே ஏற்கிறது, சுயநிதிக் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் அப்படித்தான். அதையும் மீறி அந்தக் கட்டணம் இந்தக் கட்டணம் என்று எந்தக் கல்லூரியாவது கேட்டால் ரசீது கேளுங்கள், மருத்துவக் கல்வித் தேர்வுக் குழுவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். வாய்ச்சண்டை போடாதீர்கள், ஐந்து வருடம் அங்கேதான் இருக்கப் போகிறீர்கள்.

உங்கள் உண்மையான கட்டணம் வேறு இடத்தில் இருக்கிறது, அதை யாரும் கவுன்சலிங்கில் சொல்ல மாட்டார்கள். ஒரு நோட்டை எடுங்கள். படிப்பு நாலரை வருடம், அதற்கு மேல் ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜன், அதாவது மருத்துவமனைப் பயிற்சி. அந்தக் கடைசி வருடத்தில் அரசுக் கல்லூரியில் மாதம் 25,000 அளவுக்கு உதவித்தொகை வரும், இப்போது வாங்குகிற சம்பளத்தைவிடக் கூட, அதனால் அந்த வருடத்தை விட்டுவிடலாம். மீதி 54 மாதம். வீட்டுச் செலவு 16,000. மனைவியின் தையல் 5,000, அம்மாவின் ஓய்வூதியம் 1,200, மனைவிக்கு மகளிர் உரிமைத் தொகை வருகிறது என்றால் ஒரு ஆயிரம், மொத்தம் 7,200. மாதா மாதம் துண்டு விழுவது 8,800. ஐம்பத்து நான்கு மாதத்துக்கு 4,75,200 ரூபாய், அதுவும் விலைவாசி ஏறாமல் இருந்தால். இந்த நாலே முக்கால் லட்சம்தான் நீங்கள் டாக்டராவதற்கு உங்கள் குடும்பம் கட்டப் போகிற கட்டணம். இது தெரியாமல் சேர்ந்தவர்கள்தான் இரண்டாம் வருடத்தில் வாரவட்டிக்காரரிடம் போய் நிற்கிறார்கள். நல்ல பிள்ளைகள் அப்படிச் சிக்கியதை நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கல்விக் கடனை வைத்து வீட்டை நடத்த முடியாது. வங்கி கொடுப்பது கல்லூரி, விடுதி, தேர்வுக் கட்டணங்கள், புத்தகம், கருவிகள், லேப்டாப் போன்றவற்றுக்குத்தான், பெரும்பாலும் கல்லூரிக் கணக்குக்கே போய்விடும். வாடகைக்கும் அரிசிக்கும் அதில் இடமில்லை. ஆனாலும் ஒரு சிறு கடன் உங்களுக்கு உதவும். நான்கு லட்சம் வரை அடமானமும் கேட்கக் கூடாது, முன்பணமும் கேட்கக் கூடாது என்பது பொதுவான கல்விக் கடன் திட்டத்தின் விதி. குடும்ப வருமானம் ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்குள் இருந்தால், படிக்கும் காலத்துக்கும் அதன் பின் ஒரு வருடத்துக்கும் வட்டியை மத்திய அரசு கட்டுகிற மானியத் திட்டம் இருக்கிறது. அரசு ஏற்காத உங்கள் சொந்தப் படிப்புச் செலவு எதுவாக இருந்தாலும் அதற்கு மட்டும் இந்தக் கடனை வாங்குங்கள். அப்போது உங்களால் வீட்டுப் பணத்தில் கை வைக்க நேராது. வருமானச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள், தாசில்தார் அலுவலகத்துக்குக் கடைசி வாரத்தில் ஓட வேண்டாம்.

சர்டிபிகேட் விஷயம். வேண்டாம். இந்த ஊர் வழக்கம் எனக்கும் தெரியும், பாதிப் பேர் செய்கிறார்கள் என்பீர்கள். 1948-ம் வருடத்துப் பார்மசி சட்டப்படி பதிவு பெற்ற பார்மசிஸ்ட்தான் மருந்தை எடுத்துக் கொடுக்க வேண்டும், அவர் கடையில் ஆளாக இருக்க வேண்டும், சுவரில் மாட்டிய சர்டிபிகேட்டாக இல்லை. நீங்கள் அனாடமி வகுப்பில் இருக்கிற நேரத்தில் உங்கள் பெயரில் ஒரு பையன் மருந்தை மாற்றிக் கொடுத்து, ஒரு பாட்டி சர்க்கரை இறங்கி மயங்கினால் யார் பொறுப்பு? கல்லூரி வருகைப் பதிவேட்டிலும் கடைப் பதிவேட்டிலும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் இருப்பதை யாரும் கண்டுபிடிக்கலாம். நாளை மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்யப் போகிற பெயர் அது. துண்டு விழுகிற 8,800-ல் ஆறாயிரத்தை அப்படியே அடைத்துவிடும் பணம் என்பது எனக்கும் புரிகிறது, படிக்கும்போதே வயிற்றைப் பிசைந்தது. ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

அதற்குப் பதில், வேறு பார்மசிஸ்ட் இருக்கிற கடையில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் நேரில் நின்று வேலை பாருங்கள், கல்லூரி விடுமுறையிலும் பார்க்கலாம். அதுவும் இரண்டாம் வருடத்திலிருந்து. முதல் வருடம் அனாடமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி மூன்றும் ஆளை அமுக்கிவிடும், பத்து வருடம் கழித்துப் புத்தகத்தைத் திறக்கிற உங்களுக்கு இன்னும் அதிகம். வகுப்பில் 75 சதவீதம், செய்முறையிலும் வார்டிலும் 80 சதவீதம் வருகை இல்லாவிட்டால் தேர்வு எழுத விட மாட்டார்கள். ஒரு தேர்வு தவறிப் படிப்பு ஆறு மாதம் தள்ளிப் போனாலே வீட்டுக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் செலவு. ஆக, உங்கள் குடும்பத்துக்கு நீங்கள் சம்பாதித்துக் கொடுக்கிற பெரிய தொகை எது தெரியுமா? எல்லாத் தேர்வையும் முதல் தடவையே பாஸ் செய்வது.

கல்லூரிகளை வரிசைப்படுத்தும்போது பெயரைப் பார்க்காதீர்கள், பேருந்தைப் பாருங்கள். சென்னைக் கல்லூரி என்றால் கௌரவம்தான், ஆனால் உங்களுக்குத் திருவண்ணாமலை, அப்புறம் வேலூர், விழுப்புரம் அரசுக் கல்லூரிகள் மேல். எந்த அரசுக் கல்லூரியில் படித்தாலும் பட்டம் ஒன்றுதான், வார்டில் நோயாளிகளுக்கும் குறைவிருக்காது. சனிக்கிழமை மாலை வீட்டில் இருக்கலாம். மகளுக்கு அப்பா முகம் மறக்காது.

இனி, உங்கள் கடிதத்தில் குரல் இல்லாத ஒருவரைப் பற்றி. உங்கள் மனைவி என்ன சொல்கிறார் என்று எழுதவே இல்லையே தம்பி? ஐந்தரை வருடம் மாமியாரையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு வீட்டை இழுக்கப் போவது அவர். நோட்டை அவர் முன்னால் விரித்து, 8,800 என்ற எண்ணைக் காட்டி, பிறகு கேளுங்கள். அவர் தையலை ஐயாயிரத்திலிருந்து எட்டாயிரத்துக்குக் கொண்டுபோக வழி இருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் இலவசச் சீருடையைத் தைப்பது மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள்தான், சமூக நலத்துறையின் கீழ் வருகின்றன. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் உறுப்பினராகச் சேர முடியுமா என்று இந்த மாதமே விசாரிக்கச் சொல்லுங்கள். சுயஉதவிக் குழுவில் இருந்தால் மோட்டார் வைத்த மிஷினுக்குக் கடன் கேட்கலாம். ஆனால் வாராவாரம் வசூலிக்கிற தனியார் குழுக் கடன் ஒன்றுகூட வீட்டுக்குள் வரக் கூடாது, இதில் எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை.

ஒரு லட்சம் சீட்டுப் பணத்தை முதல் வருடத் துண்டுக்கு வையுங்கள். நகையை இப்போது தொட வேண்டாம், அது அம்மாவுக்கு உடம்புக்கு வந்தால் இருக்கட்டும். உங்கள் சம்பளம் நின்றபின் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000-க்குள் வந்துவிடும், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கிடைக்கும், உடனே எடுத்துவிடுங்கள். மகளை அங்கன்வாடியில் விடுங்கள், பிறகு அரசுத் தொடக்கப் பள்ளி, காலையும் மதியமும் சாப்பாடு அங்கேயே ஆகிவிடும். இவ்வளவும் செய்த பிறகும் இரண்டு லட்சம் போலக் குறையும். அதை அக்கா, மச்சான், மாமா என்று யாரிடமாவது கைமாற்றாகக் கேட்கத்தான் வேண்டும், வெட்கப்பட வேண்டாம். மொத்தமாகக் கேட்காமல் மாதம் நாலாயிரம் என்று கேளுங்கள், கொடுப்பவருக்கும் சுலபம். ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

முடிக்கும்போது உங்களுக்கு முப்பத்தைந்து ஆகும். உடனே முதுநிலைக்குக் கோச்சிங் என்று இன்னொரு இரண்டு வருடம் வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வை எழுதி உதவி மருத்துவராகச் சேர்ந்தால் அடிப்படைச் சம்பளமே 56,100. அரசுப் பணியில் இருந்துகொண்டே முதுநிலைக்குப் போகவும் வழி இருக்கிறது.

கேள்வி: என் பெரிய மகளுக்கு நீட்டில் மதிப்பெண் குறைவு. நிர்வாக ஒதுக்கீட்டில் வருடத்துக்குப் பதிமூன்றரை லட்சம் என்கிறார்கள். எங்களுக்கு இருப்பது ஒரே வீடு, நாற்பது லட்சம் போகும். அவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். சின்னவள் பத்தாவது. வீட்டை விற்றுப் படிக்க வைத்தால் டாக்டராகி மீட்டுத் தருகிறேன் என்று மகள் அழுகிறாள்.
- ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: விற்காதீர்கள் அம்மா. மகள் மனதாரத்தான் சொல்கிறாள், ஆனால் பதினெட்டு வயதுப் பெண்ணிடம் அப்படி ஒரு வாக்குறுதியை வாங்கி வைப்பது அவளுக்கே பாரம். நாலரை வருடத்துக்கு 60.75 லட்சம், கல்லூரி ஐந்து வருடமாக வாங்கினால் 67.5 லட்சம், விடுதி தனி. வீடு போன பிறகும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கடன் வாங்க வேண்டும், பிறகு வாடகை வீடு. சரி, வீட்டை விற்காமல் அடமானம் வைத்து, அதன் முழு மதிப்பான 40 லட்சமும் கடனாகக் கிடைத்தால்? பத்து சதவீத வட்டியில் பதினைந்து வருடத்துக்கு மாதத் தவணை சுமார் 43,000, அதுவும் படிக்கும் காலத்தில் ஏறுகிற வட்டியைச் சேர்க்காமல். மத்திய அரசின் வட்டி மானியம் நிர்வாக ஒதுக்கீட்டுக்குக் கிடையாது. எம்.பி.பி.எஸ். மட்டும் முடித்துத் தனியார் மருத்துவமனையில் டூட்டி டாக்டராகச் சேருகிற பெண்ணின் சம்பளத்தில் பெரும்பகுதி தவணைக்கே போகும். அதற்குள் சின்னவளுக்கும் கல்லூரி வயது வந்துவிடும்.

ஒரு வருடம் திரும்ப எழுதட்டும், அரசு ஒதுக்கீட்டில் கிடைத்தால் சுயநிதிக் கல்லூரியிலும் நாலு லட்சத்துச் சொச்சம்தான், அதற்குக் கடன் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. இந்த மதிப்பெண்ணுக்கு சித்த மருத்துவம் கிடைக்குமா பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் என்றால் கால்நடை மருத்துவத்துக்கு இங்கே நீட் இல்லாமலே போகலாம், அதுவும் டாக்டர்தான். வெளிநாட்டு ஏஜென்ட் உங்கள் வீட்டுப் படியேறி வருவார், "பாதிச் செலவில் முடித்துத் தருகிறேன்" என்பார். அங்கே 54 மாதப் படிப்பு, ஒரு வருடப் பயிற்சி, திரும்பி வந்து 300-க்கு 150 எடுத்தாக வேண்டிய தேர்வு, அதன் பின் இங்கே இன்னொரு வருடப் பயிற்சி. பல பிள்ளைகள் அந்தத் தேர்விலேயே வருடக்கணக்கில் நிற்கிறார்கள். வீட்டை வைத்து ஆடுகிற அளவுக்கு உறுதியான வழி இல்லை அது.

கேள்வி: மேடம், நான் ஹவுஸ் சர்ஜன். ஏழு லட்சம் கல்விக் கடன் இருக்கிறது. மூன்று மாதம் முன்பு அப்பா இறந்துவிட்டார், அவர்தான் கடனில் கூட்டுக் கையெழுத்து. தம்பி பாலிடெக்னிக் படிக்கிறான். என் உதவித்தொகையில் கடனைக் கட்ட ஆரம்பிக்கவா, வீட்டுக்குக் கொடுக்கவா?
- மருத்துவ மாணவி, தஞ்சாவூர்

பதில்: வீட்டுக்குக் கொடுங்கள் கண்ணு. படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்ட வேண்டியதில்லை. பத்து சதவீதம் என்றாலும் ஏழு லட்சத்துக்கு மாத வட்டி 5,800 சொச்சம், இந்த ஒரு வருடத்தில் அதைக் கட்டாமல் விட்டால் உங்கள் வாழ்க்கை கெட்டுவிடாது, தம்பி பாலிடெக்னிக்கை நிறுத்தினால் கெட்டுவிடும். ஆனால் இந்த வாரமே இறப்புச் சான்றிதழோடு வங்கிக்குப் போங்கள். கடனோடு சேர்த்து அப்பா பெயரில் காப்பீடு ஏதாவது எடுத்திருந்தார்களா என்று கேளுங்கள், பல வீடுகளில் பிரீமியம் பிடித்தது குடும்பத்துக்கே தெரியாது. வட்டி மானியத்துக்கு விண்ணப்பித்தார்களா என்றும் கேளுங்கள். அப்பா இடத்தில் அம்மாவைச் சேர்க்கச் சொல்வார்கள். என்ன படிவம் கொடுத்தாலும் வீட்டுக்கு எடுத்து வந்து படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.